இடப்பக்கக் கம்பி

முனியசாமியின் வாழ்க்கையை நான்தான் கெடுத்தேன். தெரிந்தே கெடுத்தேன். ஒரு பாய்மரப் படகின் இடப்பக்கக் கம்பியைத் தளர்த்தினேன். தளர்த்தியது தெரியாதபடி அதன் மேல் டேப் சுற்றினேன். பிறகு அதே படகில் அவனோடு ஏறி உட்கார்ந்து, அவன் தோற்பதைக் கைதொடும் தூரத்தில் இருந்து பார்த்தேன்.

இதை இருபது வருடங்களுக்கும் மேலாக எவரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூட. உங்களிடம் சொல்கிறேன் என்றால், உங்களுக்கு என்னைத் தெரியாது என்பதுதான் காரணம். என்னைத் தெரிந்தவர்கள் அனைவரும் என்னை நல்லவன் என்கிறார்கள்... அதை எல்லோரையும்விட உரக்கச் சொல்பவன் முனியசாமி.

சிவகாசிப் பக்கத்தில் பாய்மரப் படகு ஏது என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்துக்குத் தாயில்பட்டி அருகே ஒரு பட்டாசுக் கம்பெனி. அந்தக் கம்பெனியின் வெடிமருந்து அறையில் நடந்த விபத்தில்தான் முனியசாமியின் அப்பா இறந்தார். அப்போது அவன் ஆரம்பப் பள்ளிப் பையன். அவனுடைய படிப்பை என் அப்பா ஏற்றுக்கொண்டார். ஊர் அதைப் பெருந்தன்மை என்றது. அவனுடைய அம்மா அதே கம்பெனியில் திரி வெட்டிக்கொண்டே இருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நானும் அவனும் ஒரே வயது. ஒரே பள்ளி, பிறகு தூத்துக்குடியில் ஒரே கல்லூரி. கல்லூரியில் கடற்படை மாணவர் பயிற்சி இருந்தது. அங்கேதான் பாய்மரப் படகு பழகினோம். எனக்கு வந்த ஆசையைப் பார்த்து, கழித்துப் போட்ட பழைய படகு ஒன்றை அப்பா வாங்கிக் கொடுத்தார். இரண்டு பேர் ஓட்டுகிற சின்னப் படகு. பட்டாசு லோடு ஏற்றும் லாரியில் ஏற்றி, தார்ப்பாய் போட்டு மூடிக் கொண்டுவந்து, வெம்பக்கோட்டை அணையில் இறக்கினோம். எங்கள் கல்லூரி விடுமுறை நாட்களில், ஷிஃப்ட் முடிந்து போகிறவர்கள் கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டு எங்களை வேடிக்கை பார்ப்பார்கள்.

படகு என்னுடையது. ஆனால் ஓட்டுபவன் அவன்.

இதை நான் மெல்லச் சொல்ல வேண்டும். என் பாவத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. சுக்கானை அவன் பிடித்தால் படகு வேறு உயிராகிவிடும். காற்று திரும்புவதற்கு முன்னால் அவன் கழுத்து திரும்பும். நான் பிடித்தால்... படகு நகரும், அவ்வளவுதான். ஆகவே நான் முன்னால் உட்கார்ந்து சின்னப் பாயைப் பார்த்துக்கொள்ளும் துணையாள் ஆனேன். என் அப்பா வாங்கிய படகில் நான் துணையாள்!

எனக்கென்று ஒரு வேலை இருந்தது. கம்பிகள்.

பாய்மரத்தை மூன்று கம்பிகள் பிடித்திருக்கும். முன்னால் ஒன்று, இடமும் வலமும் ஒவ்வொன்று. பக்கத்துக் கம்பிகளின் அடியில் ஒரு திருகு உண்டு. அதைச் சுற்றினால் கம்பி இறுகும், எதிர்ப்பக்கம் சுற்றினால் தளரும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் இழுத்திருக்க வேண்டும். பாயை ஏற்றும் கயிற்றில் அளவு நாடாவைக் கட்டி உச்சிக்கு அனுப்பி, படகின் இரு விளிம்புகளுக்கும் இழுத்து அளப்போம். இரண்டு அளவும் ஒன்றாக வந்தால் மரம் நடுவில் நிற்கிறது என்று பொருள். பிறகு திருகு கழன்றுவிடாமல் ஒரு சின்ன வளையம் மாட்டி, அது பாயைக் கிழிக்காமல் இருக்க மேலே டேப் சுற்றிவிடுவோம்.

இதில் எனக்குக் கை நன்றாகப் பழகியிருந்தது. கம்பியை ஒரு விரலால் சுண்டினாலே போதும், இறுக்கம் தெரிந்துவிடும். முனியசாமி என் கம்பிகளைச் சரிபார்ப்பதே இல்லை. "நீ கெட்டுனா சரியாத்தாம்லே இருக்கும்" என்பான்.

கல்லூரி இறுதி ஆண்டில், விளையாட்டு வழியாகக் கடற்படைக்கு ஆள் எடுப்பதாகச் செய்தி வந்தது. பாய்மரப் படகுக்கும் இடம் உண்டு. ஆனால் சுக்கான் பிடிப்பவருக்கு மட்டும்தான். துணையாளுக்கு இல்லை. தேர்வு நாளில் மற்ற படகுகளோடு மூன்று ஓட்டம் போட்டியிட வேண்டும், அவரவர் பழகிய படகிலேயே வரலாம் என்றார்கள்.

அவன் பெயரைக் கொடுத்தோம். கல்லூரியில் எங்களுக்குப் படகு பழக்கிய பயிற்சியாளர் அவனைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, அந்த இடம் அவனுக்குத்தான் என்று.

அன்று வீட்டில் சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "முனியசாமி போயிருவான். நீ வந்து இங்கன கம்பெனியப் பாத்துக்க." அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார். அவன் கடலுக்குப் போவான். நான் ஆர்டரும் லோடும் சீசனுமாக இந்த வெயிலில் வெந்துகொண்டிருப்பேன். விடுதலை ஒருவனுக்குத்தான் என்றால் அது அவனுக்கா?

அதுகூட ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன். தேர்வுக்கு இரண்டொரு நாள் முன்பு அவன் என்னிடம் ஒன்று சொன்னான். மிகுந்த பிரியத்தோடுதான் சொன்னான்.

"நீ கவலப்படாதலே பிரபு. லீவு கெடச்சா அங்கன வா. கப்பல் முழுக்கச் சுத்திக் காட்டுதேன்."

எங்கள் வீட்டுச் சோற்றில் வளர்ந்தவன் எனக்குக் கப்பல் காட்டப் போகிறான்... அப்படித்தான் என் மனம் அதைக் கேட்டது. அந்த வாக்கியத்தில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் செய்தேன்.

தேர்வு நாள் காலை. தூத்துக்குடிக் கடற்கரை. அவனும் நானும் சேர்ந்துதான் மரத்தை நிறுத்தினோம், சேர்ந்துதான் அளந்தோம். இரண்டு பக்கமும் மயிரிழை பிசகாமல் வந்தது. அவன் பெயர் பதியப் போனான். போகும்போது, "டேப்ப மட்டும் சுத்திரு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் மண்டியிட்டு உட்கார்ந்தேன். இடப்பக்கத் திருகின் வளையத்தைக் கழற்றினேன். ஒரு சுற்றுத் தளர்த்தினேன். நிறுத்தினேன்... நிறுத்தி யோசித்தேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஆத்திரத்தில் கண் தெரியாமல் செய்த காரியம் என்று என்னை விட்டுவிடாதீர்கள். யோசித்துவிட்டு இன்னும் சில சுற்றுகள் தளர்த்தினேன். மரம் விழக் கூடாது. விழுந்தால் கம்பியைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள். விழாமல் சாய வேண்டும். கரையில் நிற்கும்போது தெரியாது. இடப்பக்கம் காற்று வாங்கும்போது மட்டும் மரம் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து கொடுக்கும், படகு காற்றை எதிர்த்து ஏறாமல் பக்கவாட்டில் வழுக்கும். அதற்கு எவ்வளவு தளர்த்த வேண்டும் என்று எனக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. அதை நான் முழுத் திறமையோடு பயன்படுத்திய நாள் அந்த ஒரு நாள்தான்.

வளையத்தை மாட்டினேன். டேப்பைச் சுற்றினேன். சுருக்கம் இல்லாமல், அழகாக.

அவன் திரும்பி வந்தான். வெறுங்கையோடு வரவில்லை, எனக்கு ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்தான். குடித்தேன்.

காற்றை எதிர்த்து நேராகப் பாய்மரப் படகு போக முடியாது. கொஞ்ச தூரம் காற்றை வலப்பக்கம் வாங்கிக்கொண்டும், கொஞ்ச தூரம் இடப்பக்கம் வாங்கிக்கொண்டும் மாறிமாறி வளைந்துதான் ஏற வேண்டும். தொடங்கியபோது காற்று வலப்பக்கம். வலப்பக்கக் கம்பி சரியாக இருந்தது. படகு பறந்தது! எல்லோருக்கும் முன்னால் நாங்கள்தான். அவன் வாய்க்குள் சிரித்துக்கொண்டிருந்தான்.

பிறகு படகைத் திருப்பினான். நாங்கள் இருவரும் இடப்பக்க விளிம்புக்கு மாறி உட்கார்ந்தோம். இப்போது பாரம் முழுவதும் இடப்பக்கக் கம்பியில். மரம் மெல்லக் கொடுத்தது. படகு கனத்தது. சுக்கான் அவன் கையில் திமிறியது. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக எங்களைத் தாண்டினார்கள்.

அவன் முகத்தில் முதலில் வந்தது குழப்பம். பயமெல்லாம் பிறகுதான் வந்தது. தன் கை தன் பேச்சைக் கேட்கவில்லை என்பது போல அதை ஒருமுறை குனிந்து பார்த்தான்.

இரண்டாவது ஓட்டத்திலும் அதே கதை. வலப்பக்கம் காற்று வாங்கும்போது முந்துவோம், இடப்பக்கம் வாங்கும்போது இழப்போம். அந்த இரண்டாவது ஓட்டத்தின் நடுவில்தான் அவன் கேட்டான். கம்பி என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. அவன் இருந்த இடத்திலிருந்து எட்டாது.

"லே, எடப்பக்கக் கம்பி சரியா இருக்கா? கொஞ்சம் பாரு."

கையை நீட்டிக் கம்பியைப் பிடித்தேன். அத்தனை பாரம் ஏறியும் அதில் பழைய விறைப்பு இல்லை. செத்த பாம்பு போல என் உள்ளங்கையில் கிடந்தது. இப்போதும் சொல்லியிருக்கலாம். திருகு கழன்றுவிட்டது என்று சொன்னால்கூடப் போதும். யாரும் என்னைச் சந்தேகித்திருக்க மாட்டார்கள். கையை உயர்த்தி நடுவர் படகைக் கூப்பிட்டிருக்கலாம். எனக்கு வழி திறந்திருந்தது...

"சரியாத்தான் இருக்கு" என்றேன். பிறகு, கேட்காமலே, இன்னொன்றும் சொன்னேன்: "நீ சுக்கான ரொம்ப இழுக்க போல."

அந்த வாக்கியம்தான், கம்பியைத் தளர்த்தியதைவிடப் பெரிய குற்றம். அதற்குப் பிறகு அவன் படகைச் சந்தேகிக்கவில்லை. தன்னைச் சந்தேகிக்கத் தொடங்கினான். மூன்றாவது ஓட்டத்தில் வலப்பக்கம் காற்று இருந்தபோதுகூட அவன் கை தடுமாறியது. அதற்கு எந்தக் கம்பியும் காரணமில்லை.

கரைக்கு வந்தோம். முடிவு கேட்க அவன் போனான். நான் டேப்பைக் கிழித்து, தளர்த்திய சுற்றுகளை அத்தனையும் திரும்ப இறுக்கி வைத்தேன்.

நல்லவேளை வைத்தேன் என்று அப்போது நினைத்தேன். ஏனென்றால் அவன் திரும்பி வந்ததும் அளவு நாடாவை எடுத்தான். உச்சிக்கு ஏற்றினான். இடப்பக்கம் அளந்தான். வலப்பக்கம் அளந்தான். மறுபடி இடப்பக்கம் அளந்தான். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

நாடாவைச் சுருட்டி என்னிடம் கொடுத்தான். "படகு மேல ஒரு குத்தமும் இல்லலே" என்றான்.

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் லாரியின் பின்னால் படகோடு உட்கார்ந்து வந்தான். முன்னால் வந்து உட்கார் என்று நான் கூப்பிட்டேன். வரவில்லை.

அடுத்த முறை முயலலாம் என்று பயிற்சியாளர் சொல்லியனுப்பினார். அவன் போகவில்லை. அதற்குப் பிறகு அவன் படகைத் தொடவே இல்லை. அம்மாவுக்கு மூச்சிரைப்பு வந்து வேலைக்குப் போக முடியாமல் ஆனதும் கம்பெனிக்கு வந்தான். வேலை போட்டுக் கொடுத்தவன் நான்தான். அன்று கேட்டில் நின்றபடி அவன் முதன்முறையாக என்னை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டான். மற்றவர்கள் முன்னால் அப்படிக் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். தனியாக இருக்கும்போதும் அப்படித்தான் கூப்பிட்டான். 'லே பிரபு' அன்றோடு போயிற்று.

எனக்கு வலித்ததா என்று கேட்கிறீர்களா? உண்மையைச் சொல்வதென்று வந்துவிட்டேன்... இனித்தது. சில மாதங்கள் அது எனக்கு இனித்தது.

முதலில் ஸ்டோரில் இருந்தான். பிறகு கல்யாணம், பெண் குழந்தை. மருந்து கலப்பவர்களுக்குக் கூலி அதிகம் என்று, தன்னை அந்த வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டான். அவன் அப்பா செத்த வேலை. வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒரே மனிதன் நான். சீசன் நெருங்கியிருந்தது, ஆள் குறைவு. சரி என்றேன்.

அதுவும் நடந்தது. நான் சத்தத்தை ஆபீஸில் இருந்து கேட்டேன். ஓடிப் பார்த்தபோது அறையின் ஒரு பக்கச் சுவர் இல்லை. வாசலுக்கு அருகில் நின்றிருந்ததால் உயிர் தப்பினான். முகத்தின் ஒரு பாதி, இரண்டு கைகள். வலது கையின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சுக்கான் பிடித்த கை.

மதுரை ஆஸ்பத்திரியில் பல வாரங்கள் கிடந்தான். செலவு முழுவதும் கம்பெனி பார்த்தது; நாளும் போய்ப் பார்த்தது நான். அவன் மனைவி பேச்சியம்மாள் என் காலைத் தொட வந்தாள். விலகினேன். கட்டுப் போட்ட வாயோடு அவன் அவளிடம் சொன்னான்: "அண்ணாச்சி இல்லன்னா நம்ம இன்னைக்கி இல்ல புள்ள."

நீங்கள் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அழுதிருப்பீர்கள். நானும் அழுதேன். வார்டில் இருந்தவர்கள் அதைப் பார்த்து, இப்படி ஒரு முதலாளி உண்டா என்று பேசிக்கொண்டார்கள். அந்தக் கண்ணீருக்கும் எனக்குப் புகழ்தான் கிடைத்தது!

உடல் தேறியதும் அவனைக் கேட்டில் வாட்ச்மேனாக வைத்தேன். இதோடு முடிந்தது என்று நம்பினேன்.

முடியவில்லை.

அவன் மகள் கார்த்திகா நீளம் தாண்டுவதில் கெட்டிக்காரி. பத்தாவது முடித்த வருடம், அரசு விளையாட்டு விடுதி ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்தது. தொலைவான ஊர், தங்கிப் படிக்க வேண்டும். முனியசாமி அனுப்ப மறுத்துவிட்டான். அவளுடைய விளையாட்டு ஆசிரியை, நான் சொன்னால் அவன் கேட்பான் என்று யாரோ சொல்லி, கம்பெனிக்கே வந்துவிட்டார். கூடவே கார்த்திகாவும் வந்தாள். கேட்டில் இருந்த அவனையும் உள்ளே கூப்பிட்டேன்.

ஆசிரியை நன்றாகவே பேசினார். இந்த மாவட்டத்தில் இப்படி ஒரு பெண்ணைத் தான் பார்த்ததில்லை என்றார். விட்டால் மறுபடி கிடைக்காது என்றார். நான் உட்காரச் சொல்லியும் முனியசாமி உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டான். பிறகு சொன்னான்:

"கோவிச்சுக்காதீக டீச்சர். நம்ம ஊருல நாலு பேரு கைதட்டுவாக, நம்மளும் பெரிய ஆளுன்னு நெனச்சுக்கிருவோம். வெளிய போயி நின்னாத்தான் நம்ம லட்சணம் தெரியும். நான் போயி நின்னவன். அந்த அசிங்கம் என் பிள்ளைக்கு வேண்டாம். அண்ணாச்சியக் கேளுங்க. அவுகளும் அன்னைக்கு அதே படகுலதான் இருந்தாக."

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

கார்த்திகாதான் கேட்டாள். அவள் குரலில் பயம் இல்லை. "மாமா, எங்கப்பா அம்புட்டு மோசமாவா ஓட்டுனாக?"

பதில் என் நாக்கில் இருந்தது. 'இல்லை தாயி. உங்கப்பாவைப் போல ஓட்டியவனை நான் பார்த்ததே இல்லை. கம்பியை நான் தளர்த்தினேன்.' இவ்வளவுதான். இதைச் சொன்னால் அவள் போயிருப்பாள். அவனும், கருகிய அந்த முகத்தோடு, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு தன்னைத் திரும்பப் பெற்றிருப்பான். என்னை அவன் அடித்திருக்கலாம். கொன்றிருக்கலாம். அதுகூட அவனுக்கு நல்லதுதானே?

மேசை மேல் இருந்த பட்டாசு லேபிள் மாதிரிகளை நான் அடுக்கினேன். திருத்தங்கல் அச்சகத்திலிருந்து அன்று காலை வந்தவை. அடுக்கி முடித்துவிட்டுச் சொன்னேன்:

"அன்னைக்குக் காத்து ரொம்ப இருந்துச்சும்மா."

முனியசாமி லேசாகச் சிரித்தான். அவனுக்கு இப்போது முகத்தின் ஒரு பக்கம்தான் சிரிக்கும்.

"அண்ணாச்சி எனக்காகப் பொய் சொல்லுதாக. காத்து எல்லாருக்கும் ஒண்ணுதான், பாப்பா."

ஆசிரியை எழுந்துகொண்டார். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஏமாற்றம் இருந்தது, சந்தேகம் இல்லை. என்னை யாருமே சந்தேகிப்பதில்லை... ஏன்? என் முகத்தில் ஒரு கோடுகூடவா விழவில்லை?

கார்த்திகா ஊரிலேயே பன்னிரண்டாவது வரை படித்தாள். பதினெட்டு முடிந்த பிறகு கம்பெனியில் பேக்கிங் பிரிவுக்கு வந்தாள். வேலை கேட்டு வந்தவன் அவள் அப்பா. தயங்கித் தயங்கிக் கேட்டான். நான் உடனே சரி என்றேன். வேறென்ன சொல்லட்டும்?

முனியசாமியிடம் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை கேட் வரை நடந்து போயிருக்கிறேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்பான். ஒட்டிய விரல்களோடு கையைத் தூக்கி வணக்கம் வைப்பான். "சாப்பிட்டீகளா அண்ணாச்சி" என்பான். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவேன்.

மன்னிப்பான் என்று பயப்படுகிறேனோ? அதைத்தான் பல நாளாக என்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இல்லை, அத்தனை உயர்ந்த பயம் எனக்குக் கிடையாது. அவன் முன்னால் சின்னவனாக நிற்க வேண்டுமே என்ற அதே பழைய பயம்தான். அணையில் படகில் உட்கார்ந்திருந்தபோது இருந்த அதே பயம். ஒரு அணுவளவும் மாறவில்லை.

கார்த்திகா காலையில் கம்பெனி பஸ்ஸில் வருவாள். இறங்கியதும், பேக்கிங் ஷெட்டுக்குப் போகும் முன் ஆபீஸ் வாசலில் ஒரு நிமிடம் நிற்பாள். அப்பா சொல்லிக் கொடுத்திருக்கிறான். முன்பு மாமா என்றவள் இப்போது "வணக்கம் மொதலாளி" என்கிறாள்.

நேற்றும் நின்றாள். நானும் தலையசைத்தேன்.